தலைப்பு தெரியும், புத்தகம் வரவில்லை: நூலகக் கேட்டலாக்கில் தேடப் பழகுபவர்களுக்கு

நூலகக் கணினியில் புத்தகத்தின் பெயரைத் தட்டுகிறீர்கள். 'முடிவுகள் இல்லை' என்று வருகிறது. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் அதோடு எழுந்துவிடுகிறார்கள். எழுந்துவிடாதீர்கள். தேடுவது தமிழ்ப் புத்தகமாக இருந்தால், அது அதே கட்டடத்தில் ஏதாவது ஓர் அலமாரியில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நீங்கள் தட்டிய எழுத்தும், நூலகத்தின் நூல்பட்டியலான கேட்டலாக்கில் எப்போதோ ஒரு நூலக ஊழியர் பதிந்துவைத்த எழுத்தும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். இந்த இடைவெளியை எப்படிக் கடப்பது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன்.

எழும்பூர் கன்னிமாரா, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம், உங்கள் கல்லூரி நூலகம் என்று எங்கே உட்கார்ந்தாலும் அடிப்படை ஒன்றுதான். கல்லூரிகளில் பெரும்பாலும் கோஹா அல்லது சோல் மென்பொருள் இருக்கும். கோஹா நியூசிலாந்தில் பிறந்த கட்டற்ற மென்பொருள். சோல் குஜராத்தில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் உருவாக்கியது. திரையின் தோற்றம் மாறும். தேடும் பழக்கம் கைவந்துவிட்டால் எதிலும் தேடலாம்.

முதலில், தலைப்பு எது என்று உறுதிசெய்யுங்கள்

நமக்கு ஒரு புத்தகத்தின் பெயர் என்றால் அதன் அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது. நூலகருக்கு அப்படி இல்லை. அட்டையைத் திருப்பினால் உள்ளே தலைப்புப் பக்கம் இருக்கிறதே, அதில் உள்ளதைத்தான் அவர் தலைப்பாக எடுத்துக்கொள்வார். உலகம் முழுக்க நூலகர்கள் கடைப்பிடிக்கும் விதி இது. பல புத்தகங்களில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். பழைய பதிப்புகளில் அப்படி இருக்காது. அட்டையில் ஒரே சொல்லாக இருக்கும் இலக்கியத்தின் பெயர், உள்ளே ஆசிரியர் பெயர், 'அருளிச்செய்த', 'மூலமும் உரையும்' எல்லாம் சேர்ந்து மூன்று நான்கு வரி நீண்டிருக்கும்.

நண்பரிடம் அந்தப் புத்தகம் இருந்தால், தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தமிழ்ப் பதிப்பகங்கள் பல அந்தப் பின்பக்கத்தில் நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பு ஆண்டு, பக்கங்கள் என்று ஒரு சிறு பட்டியலே போட்டிருக்கும். அங்கே 978 என்று தொடங்கும் 13 இலக்க ஐ.எஸ்.பி.என். (அந்தப் பதிப்புக்கென்றே கொடுத்த எண்) இருந்தால் அதையே தட்டிவிடலாம். எழுத்துச் சிக்கல் எதுவும் வராது. இந்தியப் பதிப்பு என்றால் 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும். ஆனால் பழைய புத்தகங்களில் இந்த எண் இருக்காது. இந்த எண் உள்ள புத்தகங்களிலும், பதிவில் அதைச் சேர்க்காமல் விட்டிருக்கும் நூலகங்கள் உண்டு.

இன்னொன்று, உங்களிடம் இருப்பது முழு நூலின் பெயரா, ஒரு பாகத்தின் பெயரா என்று பாருங்கள். 'சுழற்காற்று' என்று தேடுகிறவருக்கு எதுவும் வராமல் போகலாம். காரணம், அது பொன்னியின் செல்வனின் இரண்டாம் பாகத்தின் பெயர். பதிவில் 'பொன்னியின் செல்வன்' என்றும், பக்கத்தில் 'பாகம் 2' என்றும் மட்டும் இருக்கலாம். சிறுகதைக்கும் இதே கதிதான். கதையின் பெயரைத் தட்டினால் வராது. அது இடம்பெற்ற தொகுப்பின் பெயர் வேண்டும். பத்திரிகைக் கட்டுரை என்றால் பத்திரிகையின் பெயரைத் தேடி, தேவையான ஆண்டின் தொகுதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எந்தப் பெட்டியில் தட்டுவது

தேடல் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பட்டியல் விரியும்: எல்லாம், தலைப்பு, ஆசிரியர், பொருள், ஐ.எஸ்.பி.என்., தொடர் என்று. அதில் 'தலைப்பு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'எல்லாம்' என்று விட்டுவிட்டால், நீங்கள் தட்டிய சொல் பதிப்பகத்தின் பெயரில் வந்தாலும், குறிப்பில் வந்தாலும் அள்ளிக்கொண்டு வரும்.

தலைப்புத் தேடலிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, தலைப்பில் எங்கேயாவது அந்தச் சொல் இருந்தால் போதும் என்பது. மற்றொன்று, தலைப்பு அந்தச் சொல்லில்தான் தொடங்க வேண்டும் என்பது. இரண்டாவதை, முதல் சொல் இதுதான் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். 'ஸ்ரீ', 'திரு' போன்ற முன்னொட்டோ ஆசிரியர் பெயரோ தலைப்பின் முன்னால் ஒட்டிக்கொண்டிருந்தால், தொடக்கத் தேடலில் அந்தப் புத்தகம் சிக்காது.

குறைவாகத் தட்டுங்கள்

தமிழ்ப் புத்தகம் தேடுகிறவர்களுக்கு ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஏழு சொல் தலைப்பை அப்படியே தட்டினால், அந்த ஏழில் ஏதாவது ஒன்றில் ஒரு புள்ளி மாறினாலும் தேடல் விழுந்துவிடும். தலைப்பில் உள்ள ஓர் அரிய சொல்லை மட்டும் எடுங்கள். 'தமிழ்', 'வரலாறு', 'கதைகள்', 'ஆய்வு' போன்றவை ஆயிரக்கணக்கான தலைப்புகளில் இருக்கும். கொங்கு நாட்டின் வரலாறு பற்றிய புத்தகம் என்றால் 'கொங்கு' போதும். நூற்றுக்கணக்கில் வந்துவிட்டால் அப்புறம் ஆசிரியர் பெயரில் ஒரு பகுதியைச் சேர்த்துக் குறைத்துக்கொள்ளலாம்.

அரிய சொல்லையும் முழுதாகத் தட்டாதீர்கள். நம் மொழியில் சொல்லின் தலை நிலையாக நிற்கும், வால் மாறிக்கொண்டே இருக்கும். 'வரலாறு' அடுத்த தலைப்பில் 'வரலாற்றில்' ஆகிவிடும். 'மரம்' என்பது 'மரங்கள்' ஆகும். கணினிக்கு இவை வெவ்வேறு சொற்கள். அதனால் மாறாத பகுதியை மட்டும் தட்டி, கடைசியில் ஒரு நட்சத்திரக் குறி போடுங்கள்: வரலா*, மர*. பல கேட்டலாக்குகளில் இந்தக் குறிக்கு 'இதற்குப் பின் எது வந்தாலும் சரி' என்று பொருள். சிலவற்றில் வேறு குறி இருக்கும். தேடல் பக்கத்தில் உள்ள உதவியில் சொல்லியிருப்பார்கள்.

ஓர் உதாரணத்தை நெருங்கிப் பார்ப்போம். நாட்டுப்புறப் பாடல்கள் பற்றிய ஒரு நூல். ஒரு பதிவில் 'நாட்டுப்புற பாடல்கள்' என்று ஒற்று இல்லாமல் இருக்கும். இன்னொன்றில் 'நாட்டுப்புறப் பாடல்கள்' என்று ஒற்றோடு இருக்கும். மூன்றாவதில் இடைவெளியே இல்லாமல் 'நாட்டுப்புறப்பாடல்கள்' என்று ஒரே சொல்லாக இருக்கும். கணினி இடைவெளியை வைத்துத்தான் சொற்களைப் பிரிக்கிறது. அதனால் 'பாடல்கள்' என்று தேடினால் மூன்றாவது பதிவு வரவே வராது. 'நாட்டுப்புற' என்று தேடினால் முதல் பதிவு மட்டும்தான் வரும். 'நாட்டுப்புற*' என்று தட்டுங்கள், மூன்றும் வந்து நிற்கும்.

பழைய பதிப்புகளில் இது இன்னும் தீவிரம். உ.வே. சாமிநாதையர் 1892-ல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தபோது, தலைப்பில் 'சிலப்பதிகாரமூலமும்' என்று சேர்த்தே அச்சிட்டார். அதற்குப் பிறகு அரும்பதவுரை, அடியார்க்குநல்லாருரை என்று தலைப்பு தொடரும். நூலகர் அதை அப்படியே பதிந்திருந்தால், 'சிலப்பதிகாரம்' என்று கச்சிதமாகத் தட்டுகிறவருக்கு அந்த முதல் பதிப்பு கண்ணில் படாது. கடைசி 'ம்' தான் தடுக்கிறது. 'சிலப்பதிகார*' என்றால் எல்லாப் பதிப்பும் வரும். இதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம்: 'ம்' என்று முடியும் சொல்லில் அந்த எழுத்தை விட்டுவிட்டு நட்சத்திரம் போடுங்கள்.

எழுத்துக்கூட்டல் மாற்றங்கள்

அப்படியும் வரவில்லையா? எழுத்தை மாற்றிப் பாருங்கள். முதலில் கிரந்தம். 'ராஜராஜ' என்று ஒரு பதிப்பகம் போடும், 'இராசராச' என்று இன்னொன்று போடும், 'இராஜராஜ' என்று மூன்றாவது போடும். ஜ வந்தால் ச, ஸ வந்தால் ச, ஷ வந்தால் ட அல்லது ச, ஹ வந்தால் க என்று ஒருமுறை மாற்றித் தேடுங்கள். ர, ல என்று தொடங்கும் சொற்களுக்கு முன்னால் இ, உ, அ சேர்த்தும் பாருங்கள்: ராமாயணம், இராமாயணம். நட்சத்திரக் குறி சொல்லின் கடைசியில்தான் உதவும், முதலெழுத்து மாறினால் அது கைகொடுக்காது. அதனால் இதை நீங்களே மாற்றித்தான் தேட வேண்டும்.

எண்களும் அப்படியே. தலைப்பில் 100 இருந்தால் 'நூறு' என்றும், 20 இருந்தால் 'இருபது' என்றும் தேடுங்கள்.

கண்ணுக்கே தெரியாத சிக்கல் ஒன்று இருக்கிறது, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 'கௌதம புத்தர்' என்று தட்டும்போது 'கௌ' என்பது ஒரே எழுத்து. ஆனால் அதை ஒற்றைக் கொம்பு போட்டு, 'க', பக்கத்தில் 'ள' என்று தட்டியவர்கள் ஏராளம். திரையில் 'கௌதம', 'கெளதம' இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கணினிக்கு இரண்டாவது, க-வுக்கு எகரமும் தனி ளகரமும். ஔகாரம் வரும் எந்தச் சொல்லையும் இரண்டு விதமாகவும் தட்டிப் பாருங்கள்: பௌத்தம், மௌனம், சௌராஷ்டிரம். 'ஸ்ரீ' எழுத்தையும் இரண்டு வகைக் குறியீட்டில் தட்ட முடியும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. அதற்கு எளிய வழி, ஸ்ரீயை விட்டுவிட்டு அடுத்த சொல்லைத் தேடுவது.

இணையத்தில் எங்கிருந்தோ தலைப்பை நகலெடுத்து ஒட்டுவதையும் தவிருங்கள். மேற்கோள் குறியோ, கண்ணுக்குத் தெரியாத ஒட்டுக்குறியோ கூடவே வந்து தேடலைக் கெடுக்கும். கையால் தட்டுங்கள்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் கவலைப்பட வேண்டாம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகங்களில் 'லை', 'ணை' போன்ற எழுத்துகள் யானைத் தும்பிக்கை போல வளைந்திருக்கும். அச்சில்தான் உருவம் வேறு, தட்டச்சில் ஒன்றுதான். வழக்கம்போலத் தட்டுங்கள்.

வெளிநாட்டு நூலகங்களில் தேடும்போது

அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1960களிலிருந்து தன் டெல்லி அலுவலகம் வழியாகத் தமிழ்ப் புத்தகங்களை வாங்கிவருகிறது. சிகாகோ போன்ற பல்கலைக்கழகங்களிலும் பெரிய தமிழ்த் தொகுப்புகள் உண்டு. இங்கே அச்சில் இல்லாமல் போன சிறு பதிப்பக நூல்கள்கூட அங்கே பத்திரமாக இருக்கின்றன. உலக நூலகங்களை ஒன்றாகத் தேடித் தரும் வேர்ல்டுகேட் தளத்தில் இவற்றைப் பார்க்கலாம். ஆனால் தமிழில் தட்டினால் பெரும்பாலும் ஏமாற்றமே. அந்தப் பதிவுகளில் பெரும்பகுதி ரோமன் எழுத்தில் மட்டுமே இருக்கிறது. அதுவும் நாம் போனில் தட்டும் தங்கிலீஷ் இல்லை. நூலகங்களுக்கென்று ஒரு முறை இருக்கிறது.

அந்த முறையில் ஒரு தமிழ் எழுத்துக்கு ஒரு ரோமன் எழுத்து. ஒலிப்பு மாறினாலும் எழுத்து மாறாது. 'பம்பரம்' என்பதில் இரண்டு ப-வுக்கும் ஒரே எழுத்துதான். ச எங்கே வந்தாலும் 'சி', எஸ் கிடையாது. ஆகவே 'செல்வன்' என்பது சி, இ, எல், வி, ஏ, என். 'சங்கம்' என்பது சி, ஏ, என், கே, ஏ, எம். நாம் பழகிய எஸ்-உம் வராது, ஜி-யும் வராது. ழகரத்துக்கு இசட், எச் இல்லை, அடிக்கோடிட்ட ஓர் 'எல்'. தகரத்துக்கு எச் சேர்ப்பதில்லை. நெடிலுக்கு எழுத்தை இரட்டிப்பதில்லை, மேலே ஒரு கோடு போடுவார்கள். தேடும்போது அந்தக் கோடுகளையும் புள்ளிகளையும் பொதுவாக விட்டுவிடலாம். 'வாழ்க்கை' என்றால் வி, ஏ, எல், கே, கே, ஏ, ஐ என்று வெறுமனே தட்டினால் போதும். முதலில் விநோதமாக இருக்கும், ஒரு மாலைப்பொழுதில் பழகிவிடும். பழகிவிட்டால், உலகின் எந்தப் பெரிய பல்கலைக்கழக நூலகத்திலும் தமிழ்ப் புத்தகம் தேட முடியும். அதற்காகவே இதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

முடிவுகளை வாசிப்பது

சரி, பட்டியல் வந்துவிட்டது. உடனே முதல் வரியைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டாம். திருக்குறள் என்று தேடினால் வருபவை எத்தனையோ பேர் எழுதிய உரைகள். உங்களுக்கு வேண்டிய உரையாசிரியர், பதிப்பகம், ஆண்டு மூன்றையும் பாருங்கள். பல பாகம் உள்ள நூலில் எந்தப் பாகம் என்றும் பாருங்கள்.

தலைப்பைச் சொடுக்கினால் அதன் முழுப் பதிவு திறக்கும். அங்கே நான்கு விவரங்கள் முக்கியம்: அழைப்பு எண் (அலமாரியில் புத்தகத்தின் இடத்தைக் காட்டும் எண்), எந்தத் தளம் அல்லது பிரிவு, இரவல் தருவார்களா, இப்போது இருப்பில் இருக்கிறதா. 'ரெஃபரன்ஸ்' என்று இருந்தால் அங்கேயே உட்கார்ந்து படிக்க மட்டும்தான். கோஹாவில் 'மார்க்' என்று ஒரு பார்வை இருக்கும்; நூலகர் பதிந்ததை வரி வரியாக எண்ணிட்டுக் காட்டுவது அது. அதில் 245 என்ற வரியில் நூலகர் பதிந்த தலைப்பும், 246-ல் அதே நூலின் மாற்றுத் தலைப்புகளும் இருக்கும். ஒருமுறை திறந்து பார்த்தால், அந்த நூலகத்தில் ஒற்று போடுகிறார்களா, சொற்களைப் பிரித்து எழுதுகிறார்களா என்று தெரிந்துவிடும். அடுத்த தேடலுக்கு அது பெரிய உதவி.

அழைப்பு எண்ணை இலக்கம் மாறாமல் எழுதிக்கொள்ளுங்கள். பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டியூயி வகைப்பாடு பயன்படுத்தும் நூலகத்தில் தமிழ் இலக்கியம் 894.811. கவிதை 894.8111, நாடகம் 894.8112, நாவலும் சிறுகதையும் 894.8113. இதைத் தசம எண்ணாகப் படிக்க வேண்டும். 894.812 மலையாள இலக்கியம். 8113 என்பது 812-ஐவிடப் பெரிதாகத் தெரிந்தாலும், அலமாரியில் 894.8113 தான் முன்னால் வரும். புதியவர்கள் தவறான அடுக்கில் நின்று தேடுவது பெரும்பாலும் இதனால்தான். சில நூலகங்களில் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1933-ல் வெளியிட்ட கோலன் வகைப்பாடு இருக்கும். அதில் எழுத்தும் எண்ணும் நிறுத்தக்குறிகளும் கலந்து வரும். ஒரு காற்புள்ளியைக்கூட விடாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

அலமாரிக்குப் போனதும் உங்கள் புத்தகத்துக்கு இருபுறமும் உள்ளதையும் புரட்டிப் பாருங்கள். ஒரே பொருளில் உள்ளவை பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்படித்தான் அந்த எண்ணே அமைந்திருக்கிறது.

எதிலும் வரவில்லை என்றால்

தலைப்பை விட்டுவிட்டு ஆசிரியர் பெயரில் தேடி, அவருடைய எல்லா நூல்களையும் கண்ணால் ஓட்டிப் பாருங்கள். ஆசிரியர் பெயரிலும் முன்னெழுத்து முன்னால் இருக்கலாம், பின்னால் இருக்கலாம். அதனால் பெயரின் நடுப்பகுதி போதும். மறுபதிப்பில் தலைப்பு மாறிய நூல்கள் இப்படித்தான் அகப்படும்.

அப்புறம் வேறு நூலகங்கள். 1954-ன் நூல் வழங்கல் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் ஒரு படியும் 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் போக வேண்டும். எல்லாப் பதிப்பகங்களும் அனுப்பிவிடுவதில்லை. இருந்தாலும் 1950களுக்குப் பிந்தைய நூல் என்றால் கன்னிமாராவில் பார்க்காமல் விடாதீர்கள். அதற்கு முந்தைய அச்சு நூல், பழைய இதழ், துண்டறிக்கை என்றால் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் தனி ஒருவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த தொகுப்பிலிருந்து வளர்ந்தது அது. இலங்கைத் தமிழ் நூல் என்றால் 'நூலகம்' என்ற பெயருள்ள நிறுவனத்தின் மின்நூலகம். தேடிய நூல் பல நேரம் அங்கே முழுதாகவே படிக்கக் கிடைக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும் பழைய நூல்கள் ஏராளம். மேலே சொன்ன வால் வெட்டும் முறையும் எழுத்து மாற்றும் முறையும் இந்த எல்லா இடத்துக்கும் பொருந்தும், நட்சத்திரக் குறி மட்டும் எல்லா இடத்திலும் வேலை செய்யாது.

உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் கணினித் தேடலே இல்லாமல் இருக்கலாம். அங்கே பதிவேடும் நூலகரும்தான் கேட்டலாக். இழுப்பறைகளில் அட்டைகள் இருந்தால், ஒவ்வொரு நூலுக்கும் தலைப்பில் ஓர் அட்டை, ஆசிரியர் பெயரில் ஓர் அட்டை என்று அகரவரிசையில் அடுக்கியிருப்பார்கள். 'ராமாயணம்' ரகர இழுப்பறையில் இல்லை என்றால் இகர இழுப்பறையைத் திறக்க வேண்டும் என்பது இங்கேயும் உண்மை.

நூலகரிடம் கேட்கத் தயங்காதீர்கள். கேட்கும்போது 'அந்தப் புத்தகம் இருக்கா சார்?' என்று மட்டும் நிறுத்தாமல், ஒரு துண்டுச் சீட்டில் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், தோராயமான ஆண்டு, எந்தெந்தச் சொற்களைப் போட்டுத் தேடினீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். அதைப் பார்த்ததுமே எந்தப் பெயரில் பதிந்திருப்பார்கள் என்று அவருக்குப் புரிந்துவிடும். பதிவில் தலைப்பு பிழையாக இருந்ததைக் கண்டுபிடித்தீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். திருத்துவதற்கு அவருக்குச் சில நிமிடம் போதும்; அடுத்து அதே புத்தகத்தைத் தேடி வருகிறவருக்கு முதல் தேடலிலேயே கிடைத்துவிடும்.